மகன் எனக்கு மொட்டை போட்ட கதை

தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரைதான் போனேன். அதற்குப் பிறகு நானும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்வதில்லை என்று முடிவாகிவிட்டது. இவன் தலையில் ஒன்றும் ஏறாது என்று சொன்ன அதே வாத்தியார், பிற்பாடு என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, "சைடுல கொஞ்சம் கம்மி பண்ணுப்பா" என்றார். பிரிக்பீல்ட்ஸில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். வேகத்தில் என்னை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் என்னிடம்தான் வருவார்கள். ஒரு பக்கக் கிருதாவோடு ரயில் ஏறியவர்களும் உண்டு.

இப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனின் மகன் ஐந்து வயதில் தோள் வரை முடியோடு திரிந்தான்.

அவனுக்கு ஆட்டிசம். பேச்சு ஒன்றிரண்டு சொல்தான். மற்றதையெல்லாம் நானும் என் மனைவியும் எப்படியோ சமாளித்துவிட்டோம். தலையில் கை வைத்தால் மட்டும் அலறுவான். முடிக்குள் வேர்க்குரு வந்து, சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது. வெட்டியே ஆகவேண்டும். மதியம் அவன் தூங்கும்போது ஒருமுறை வெட்டிப் பார்த்தேன். பாதியில் விழித்துவிட்டான். ஒரு பக்கம் போலீஸ்காரர், மறுபக்கம் ராக் பாடகர். பிறகு கடையில் நாலு பேர் பிடித்துக்கொள்ள முயன்றோம். அதைப் பற்றி எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. அன்றிலிருந்து அவன் கடைக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

மனைவிக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை. அதனால் தினமும் காலையில் கிள்ளானில் இருக்கும் வீட்டிலிருந்து கொமுட்டர் ரயிலில் மகனை என்னோடு கூட்டி வருவேன். கடைக்கு இரண்டு சந்து தள்ளி, இவனைப் போன்ற பிள்ளைகளுக்காகச் சில பெற்றோர் சேர்ந்து வாடகை வீட்டில் ஒரு நிலையம் நடத்துகிறார்கள். மதியம் வரை அங்கே இருப்பான். அழைத்து வந்தால் கடை வாசலோடு நின்றுவிடுவான். அங்கே சுற்றும் சிவப்பு வெள்ளை விளக்கைப் பார்த்துக்கொண்டே இருப்பான். உள்ளே நான், வெளியே அவன், நடுவில் கண்ணாடிக் கதவு.

அந்த நிலையத்து டீச்சர் வயதில் சின்னவர். பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறதோ அந்த இடத்துக்கே வகுப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர். ஒரு பிள்ளையோடு பாசாரில் மீன் கடை முன்னால் நின்றிருக்கிறார், இன்னொரு பிள்ளையோடு பல் டாக்டரிடம் போய் வாயைத் திறந்து காட்டியிருக்கிறார்.

"அண்ணே, நாளைக்குக் காலையில அவனக் கூட்டிக்கிட்டு கடைக்கு வரேன். கூட்டம் இருக்காதுல்ல?"

"வாங்க டீச்சர். நீங்க கொஞ்சம் பிடிச்சுக்கிட்டா போதும்லா, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள முடிச்சிருவேன்."

"யாரும் யாரையும் பிடிக்கப் போறதில்ல. நாற்காலியில உக்காரப் போறது நீங்க."

"நானா?"

"உங்களுக்கு அந்த முடிவெட்டற மெஷின் சத்தம் பழகிப்போச்சு. அவனுக்குக் காதுக்குள்ள டிரில் போடற மாதிரி. எப்ப வரும், எங்க படும், எப்ப முடியும், ஒண்ணுமே தெரியாது. பயப்படாம என்ன செய்வான்? முதல்ல உங்க தலையில அவன் செஞ்சு பாக்கட்டும்."

இங்கே என் முடியைப் பற்றிச் சொல்லவேண்டும். சாயம் பூசி, எண்ணெய் போட்டு, நெற்றியில் ஒரு சுருள் விட்டு, கடைக்குப் போர்டே தேவையில்லை என்கிற மாதிரி வைத்திருந்தேன். கண்ணாடியில் என்னை நானே பார்த்து ரசித்த நேரத்தில் இன்னும் இரண்டு பேருக்கு வெட்டியிருக்கலாம்.

மறுநாள் துணியைப் போர்த்திக்கொண்டு என் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். பேசக்கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். தினமும் பேப்பர் படிக்க வரும் அங்கிள் ஒருவர் உண்டு, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"டேய், நீ வாய மூடி நான் இன்னிக்குத்தான்டா பாக்கறேன். டீச்சர், இவனுக்குத் தெனமும் வகுப்பு எடுங்க."

அன்று மகன் கதவைத் தாண்டவில்லை. அடுத்த நாள் தாண்டினான். பிறகு ஒருநாள் சீப்பை எடுத்து என் தலையில் வைத்தான். தண்ணீர் தெளிக்கும் பாட்டிலைக் கொடுத்தோம், என் முகத்தைக் கழுவிவிட்டான். அணைத்து வைத்த மெஷினைக் கொடுத்தோம், என் காதில் வைத்துப் பார்த்தான். பிறகு அவனே பொத்தானை அமுக்கினான், அணைத்தான், அமுக்கினான். சத்தம் அவன் கையில் இருந்தது. அவன் சொன்னால் வந்தது, அவன் சொன்னால் நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஓடும் மெஷினை என் நெற்றியில் வைத்து, பிடரி வரை ஒரே இழுப்பாக இழுத்தான். சுருள் என் மடியில் விழுந்தது. நான் அசையவில்லை. மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அந்தக் கடைக்குள் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"உச்சந்தலையில எல்.ஆர்.டி. ரயில் லைன் போட்டுட்டான்டா உன் மகன்! ஸ்டேஷன் கட்டறதுதான் பாக்கி" என்றார் அங்கிள்.

சாயங்காலம் மனைவி என்னைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை என் தம்பி கல்யாணம். இந்தத் தலையோடவா வந்து நிக்கப் போறீங்க?"

"உன் மகன்தான் வெட்டினான்."

"அவனா? அவன் கையாலயா?" பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், "அப்ப மிச்சத்தையும் அவனே எடுக்கட்டும்" என்றாள்.

சனிக்கிழமை மிச்சத்தையும் எடுத்தான். கல்யாண மண்டபத்தில் ஆளாளுக்கு என் தலையைத் தடவினார்கள். "பத்துமலையா, பழனியா?" என்று கேட்டார்கள். ஓர் அத்தை மட்டும் என்னை ஓரமாக இழுத்துப் போய், "வீட்டுல யாருக்காச்சும் ஏதாவது ஆயிருச்சாப்பா?" என்றார்.

"ஒண்ணும் ஆகல அத்தை. சாமி கேக்கல, பையன் கேட்டான். குடுத்துட்டேன்."

திங்கட்கிழமை மகன் நேராக உள்ளே வந்து மெஷினை எடுத்தான். என் தலையைத் தடவினான். வெட்ட ஒன்றுமில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தான், அங்கேயும் இல்லை. கொஞ்சம் யோசித்தான். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து எழுப்பிவிட்டு, தானே நாற்காலியில் ஏறினான். துணியைக் கோணல் மாணலாகப் போர்த்திக்கொண்டு, மெஷினை என்னிடம் நீட்டினான்.

மெஷினை வாங்கிக்கொண்டு டீச்சரைப் பார்த்தேன்.

"ஒரே ஒரு இழுப்பு, அண்ணே. அப்புறம் நிறுத்திருங்க" என்றார் டீச்சர் மெதுவாக.

"டீச்சர், அவனே ஏறி உக்காந்திருக்கான். முழுசா முடிச்சிடறேன்லா!"

"அவன் சிரிச்சிக்கிட்டு இருக்கும்போதே நிறுத்தணும். நாளைக்கும் அவன் ஏற வேணாமா? கையத் தூக்கினான்னா உடனே அணைச்சிருங்க."

ஒரு இழுப்பு. நிறுத்தினேன். பாதி வெட்டிய தலையை வெளியே அனுப்புவது முடிவெட்டுகிறவனுக்குச் சட்டை இல்லாமல் தெருவில் நடப்பது மாதிரி. அப்பன் மொட்டை, மகன் மேடுபள்ளம். அந்த வாரம் முழுக்கக் கொமுட்டரில் எங்களுக்குத்தான் எல்லாரும் இடம் கொடுத்தார்கள். ஆனால் தினமும் காலையில் அவனே ஏறினான். தினமும் கொஞ்சம். கையைத் தூக்கினால் நிறுத்தினேன், இறக்கினால் தொடர்ந்தேன். வாழ்க்கையில் நான் மெதுவாக வெட்டிய ஒரே தலை அது.

கடைசியாகக் காதுக்குப் பின்புறமும் பிடரியும் மிச்சம். அங்கேதான் கூச்சம் அதிகம். அன்று அங்கிளுக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தேன். மகன் வந்து அடுத்த நாற்காலியில் ஏறினான். அங்கிளை நுரையோடு அப்படியே விட்டேன். அவரே எழுந்து டிவியை அணைத்தார். கதவைத் திறந்த ஒருவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். மகன் ஒருமுறை கையைத் தூக்கினான். மெஷினை அணைத்தேன். எல்லாரும் காத்திருந்தோம். கையை அவனே இறக்கினான். காதை மடித்தேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பிடரி. முடிந்தது. அழவில்லை.

கைதட்டக்கூடாது, சத்தம் அவனுக்கு ஆகாது. டீச்சர் இரண்டு கையையும் மேலே தூக்கி விரல்களை ஆட்டினார். அங்கிளும் ஆட்டினார். முகமெல்லாம் நுரையோடு, எழுபது வயதில், சத்தமில்லாமல் ஒரு குத்தாட்டம் போட்டார். வாசலில் நின்றவருக்கு எதுவும் புரியாமலே அவரும் கையைத் தூக்கி ஆட்டினார். மகன் எல்லாரையும் பார்த்துவிட்டு, தானும் இரண்டு கையையும் தூக்கினான்.

என்னால் அடக்க முடியவில்லை. மகனை டீச்சரிடம் விட்டுவிட்டு வெளியே நடந்தேன். துணிக்கடையைத் தாண்டி, சாப்பாட்டுக் கடையைத் தாண்டி, பூக்கடை முனைக்குப் போய், அவன் காதுக்கு எட்டாது என்று தெரிந்ததும் அடித்தொண்டையில் கத்தினேன். பூக்கடை அக்கா கையிலிருந்த சரத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஐயோ, என்னாச்சு அண்ணே?"

"முடி வெட்டிட்டேன் அக்கா!"

"நீங்க தெனமும் அதத்தானே செய்யறீங்க?"

விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. இன்னொரு தடவை கத்தினேன்.