கடலில்லாத ஊரில் துறைமுகப் பாடம்

சென்னியப்பன் சார் போய்விட்டார். அவருடைய தம்பிதான் கொழிஞ்சாம்பாறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேதி சொன்னார். "ஏனுங்க, அண்ணன் தவறிட்டாருங்க. உங்களுக்கு மொதல்ல சொல்லோணும்னு அண்ணி அனுப்புனாங்க" என்று வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

அந்த வாரமே பாலக்காட்டில் எங்கள் பொறியியல் கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. நம் சிவில் பாடத்திட்டத்தை வகுத்தளித்த சிற்பி என்று அவரைப் புகழ்ந்தார்கள். அவரிடம் படித்தவர்களுக்கு, அவரோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது பச்சைப் பொய். அந்தப் பாடத்திட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்த ஒரே ஆள் அவர்தான். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்ற தைரியம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பாடத்திட்டத்தைத் திருத்த ஒரு குழு போட்டார்கள். அவர் உறுப்பினர், நான் குறிப்பெடுக்க உட்கார்ந்தவன். சிவில் கடைசி வருடத்தில் துறைமுகக் கட்டுமானம் கட்டாயப் பாடமாக இருந்தது. ஆசிரியராவதற்கு முன் மலைச்சாலை வேலையில் இருந்தவர் அவர். "நம்ம பசங்க வேலைக்குப் போறது மூணாறும் வண்டன்மேடுமுங்க. சரிவுல சுவர் எழுப்பறது, மழைத்தண்ணிய வடிக்கறது, இதச் சொல்லிக் குடுக்கலாமுங்க" என்றார். அதற்குக் கேள்வித்தாள் எடுக்க வெளியூர்ப் பரீட்சகர் கிடைக்கமாட்டார் என்றார் குழுத் தலைவர். துறைமுகத்துக்குப் பழைய கேள்வித்தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. "தைச்ச சட்டைக்குத் தகுந்தாப்பல ஆள வெட்டுவீங்களா?" என்று கேட்டார் சார். தலைவர் அடுத்த பாடத்துக்குத் தாளைப் புரட்டினார்.

நேரில் பார்த்தால் புரியும் என்று நம்பி, குழுவை ஜீப்பில் மூணாறுக்கு அழைத்துப் போனார். கொட்டுகிற மழையில், வயிறு தள்ளி நின்ற ஒரு சுவரைக் காட்டினார். "தண்ணிக்கு நாம வழி உடலீன்னா அது தானா வழி பண்ணிக்கும்ங்க." தலைவர் குடைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "சரி, நல்ல டீத்தூள் எங்கே கிட்டும்?" என்றார். அடுத்த கூட்டத்தில் துறைமுகமே நிலைத்தது.

அதோடு விட்டார்களா? அந்தப் பாடத்தை அவர் தலையிலேயே கட்டினார்கள். அவர் கொச்சிக்குப் போய் துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து நடத்தினார். "அரைகொறையாச் சொல்லிக் குடுத்தா அது பசங்களப் பழி வாங்கறதுங்க" என்பார். மலைச்சரிவைப் பற்றி சனிக்கிழமைகளில் சொல்லித்தர அனுமதி கேட்டார். பாடத்திட்டத்தில் இல்லாததற்கு வகுப்பறை கிடையாது என்றுவிட்டார்கள்.

துறைமுகப் பாடத்தில் முதல் மார்க் வாங்கிய ஒரு பையன் மூணாறுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குப் பின்னால் கருங்கல் சுவர் எழுப்பினான். மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியேற அதில் ஒரு துளைகூட இல்லை. புத்தகத்தில் எங்கோ ஒரு வரி இருந்திருக்கும். அழுத்திச் சொல்ல ஆளில்லை. அடுத்த மழைக்காலத்தில் சுவர் லயத்தின்மேல் சாய்ந்தது. மழைக்குப் பயந்து வீட்டிலிருந்தவர்கள் செத்தார்கள். பையன் சாரைத் தேடி வந்து, "எனக்குத் தெரியாமப் போச்சு சார்" என்று அழுதான். நான் அவனை ஏசப் போனேன். சார் என் கையைப் பிடித்தார். "அவனத் திட்டாதீங்க. கப்பல் நிறுத்தறதுக்குத்தானுங்க நாம அவனுக்குச் சொல்லிக் குடுத்தோம்."

போன மாதம் அவரைப் பார்க்கப் போனபோது படுக்கையில் இருந்தார். "தோத்தது போகட்டுங்க. அன்னிக்கு அந்தச் சுவரப் பத்தி ஒரு கேள்வி கேட்டுப்போட்டு வேண்டாம்னு சொல்லியிருந்தா மனசு ஆறியிருக்கும். ஒருத்தருங்கூடக் கேக்கலீங்களே" என்றார்.

அந்த ஆறாத மனசுதான் அவரிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. கூடவே, வரும் ஜூனிலிருந்து துறைமுகப் பாடமும் எனக்குத்தான். நடத்துவேன், அவரைப் போலவே ஒழுங்காக நடத்துவேன். மலையில் மழை பிடித்துக்கொள்ளும் அதே வாரத்தில், கப்பல் வந்து ஒதுங்கும் மேடையைப் பையன்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன்.