மூன்று பைட் அதிகம்

போன செவ்வாய்க்கிழமை காலை. மம்பாவ் ஊரிலுள்ள என் வீட்டில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கோலாலம்பூரிலிருந்து ஜெசிந்தா.

ஜெசிந்தா ஒரு வக்கீல் அலுவலகத்தில் கிளார்க். சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாமல் இங்கே வாழ்பவர்களுக்கான அடையாள அட்டை, வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு இலவசமாகக் குடியுரிமை மனு தயாரித்துக் கொடுக்கிற வக்கீல் அவர்.

“மேடம், ஞானமேரியோட பைல் ஓபன் ஆகல லா. ஒண்ணுகூட.”

“அனுப்பி நாலு நாள் ஆச்சேம்மா! பச்சை டிக் வந்துச்சே?”

“டிக் வந்திருக்கும் மேடம். படம் தெரியலயே. நாளைக்குப் பன்னண்டு மணிக்குள்ள நாங்க சப்மிட் பண்ணணும். வியாழக்கிழமை அவங்களுக்கு இண்டர்வியூ.”

எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை. சந்தேகம்.

என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே. முப்பது வருஷம் ஓர் அரசாங்க கவுண்டரில் உட்கார்ந்து விண்ணப்பப் பாரம் வாங்கியவள். கேட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். பாசாரில் மீன்காரர் “இன்னைக்குப் புடிச்ச மீன்” என்றால், இன்றைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்பேன். என் வீட்டுக்காரர் இருந்தவரை, “உன்கிட்ட குட் மார்னிங் சொல்லக்கூட சாட்சி வேணும்” என்பார்.

இப்போது ஞானமேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வயது அறுபத்தொன்று. பெடாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் பிறந்தவர். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கி இடுப்பு ஒடிந்தவர். பிறந்தபோது பதிவு செய்ய வேண்டியது தோட்டத்து ஆபீஸ் கிராணி என்று அப்பா நினைத்திருக்கிறார். தோட்டத்து மருந்தகம் பார்க்கும் டிரசர் செய்வார் என்று கிராணி நினைத்திருக்கிறார். அப்பா செய்திருப்பார் என்று டிரசர் நினைத்திருக்கிறார். மூன்று பேரும் நினைத்தார்கள்... பிறப்புப் பத்திரம் இல்லை. பிறந்த நாட்டிலேயே இன்றுவரை சிவப்பு ஐசி.

ஒரே ஓர் ஆதாரம்தான் மிச்சம். கோயிலில் — மாதா கோயிலில் — இருக்கும் பழைய ஞானஸ்நானப் பதிவேடு. அதில் குழந்தையின் பெயர், தாய் தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன் நம்பர் எல்லாம் இருக்கின்றன. பதிவேட்டை வெளியே தரமாட்டேன், வேண்டுமானால் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் பாதர். எடுத்தோம். மை வெளுத்துப்போன எழுத்து. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி, தோட்டத்தின் பெயர் எறும்பு வரிசையாகிவிடுகிறது. ஈமெயிலோ, சைஸ் பெரிது என்று திருப்பியடிக்கிறது.

பென் டிரைவில் போட்டு நேரில் கொடுத்தால் என்ன? கேட்டேனே! வெளி ஆள் பென் டிரைவை அந்த அலுவலகத்தில் வாங்க மாட்டார்களாம். வைரஸ் பயம். பாருங்கள், சந்தேகம் எனக்கு மட்டும் சொந்தமில்லை.

இந்த மாதிரி நாற்பது பேருடைய தாள்கள், இவர்களுக்கு உதவும் எங்கள் குழுவிடம் இருக்கின்றன. அதனால்தான் குழுவில் இருக்கும் புனிதா ஒரு ஆப் எழுதிக் கொடுத்தாள். செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் புரோகிராமர் வேலை அவளுக்கு. போனில் போடுகிற ஆப் இல்லை. கம்ப்யூட்டரில் திறக்கிற சின்னப் பெட்டி. ஆளின் பெயரை அடி, படத்தைத் தேர்ந்தெடு, ‘அனுப்பு’ பட்டனை அமுக்கு. நாம் இணையதளம் திறக்கிறோமே, அதே எச்.டி.டி.பி வழியாகப் படம் அப்படியே, சுருங்காமல், குழுவின் சர்வருக்குப் போய்விடும். வக்கீல் அலுவலகம் அங்கிருந்து இறக்கிக்கொள்ளும். போய்ச் சேர்ந்ததும் பச்சை டிக்.

டிக் வந்தது. படம் மட்டும் திறக்கவில்லை. எப்படி?

முதல் சந்தேகம் ஜெசிந்தா மேல். கிளார்க்குகளைப் பற்றி எனக்கா தெரியாது? நானே கிளார்க். வேலை முடியவில்லை என்றால் கம்ப்யூட்டர் மேல் பழியைப் போடுவது எங்கள் குலவழக்கம். “உங்க கம்ப்யூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணிப் போடும்மா” என்றேன். போட்டாள். இன்னொரு கம்ப்யூட்டரிலும் பார்த்தாள். கோபம்கூடப் படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

அடுத்தது, சர்வர். எங்கோ இருக்கிற யாரோ ஒருவருடைய பெட்டி. நம் ஆட்களுடைய தாளை அங்கே யார் தொடுகிறார்கள், யார் பார்க்கிறார்கள்... யாருக்குத் தெரியும்?

சரி, கவுண்டர் புத்தியைப் பயன்படுத்துவோம் என்று முடிவு செய்தேன். பைல் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போனால் நாங்கள் என்ன செய்வோம்? தாளை எண்ணுவோம். போனது எத்தனை, வந்தது எத்தனை?

“ஜெசிந்தா, படத்து மேல ரைட் கிளிக் பண்ணு. சைஸ் எவ்வளவுன்னு போட்டிருக்கும். கடைசி மூணு நம்பர் சொல்லு.”

“முன்னூத்தி ஒம்பது.”

என்னுடைய கம்ப்யூட்டரில் முன்னூற்று ஆறு.

“அடுத்தது?”

“எழுநூத்தி எழுபத்தி நாலு.”

எனக்கு எழுநூற்று எழுபத்தொன்று.

மூன்றாவது படத்திலும் அதே கதை. என்னிடம் ஐம்பத்திரண்டு. அங்கே ஐம்பத்தைந்து.

ஒவ்வொரு படத்திலும் சரியாக மூன்று பைட் அதிகம். குறைந்திருந்தால், வழியில் சிந்திவிட்டது என்று விட்டுவிடலாம். கூடியிருக்கிறது! ஒரு பைலில் ஒரு தாள் கூடிப்போனால் அதற்கு என்ன பெயர் என்று கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். யாரோ எதையோ உள்ளே வைத்திருக்கிறார்கள். அதுவும் குடியுரிமை மனுவில். பொய் ஆவணம் என்று ஒரு சொல் விழுந்தால் போதும், ஞானமேரியின் கதை முடிந்தது.

உள்ளே வைக்க யாரால் முடியும்? ஆப் எழுதியவளால்தான்.

சாப்பாட்டு நேரத்தில் புனிதாவைக் கூப்பிட்டேன்.

“புனிதா, படத்துல என்னம்மா சேர்த்தே?”

“என்ன சேர்த்தேன்? ஒண்ணும் சேக்கலயே ஆன்ட்டி.”

“மூணு பைட் கூட இருக்கு. எல்லாத்துலயும்.”

அந்தப் பக்கம் கேண்டீன் தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு குரல் இறங்கி வந்தது. “ஆன்ட்டி... என்னையவா சந்தேகப்படுறீங்க?”

“எல்லாரையும்தான்.”

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு மோட்டர் சைக்கிளில் வந்தாள். நான் வைத்த தேத்தண்ணியைத் தொடவே இல்லை. அதற்குள் ஞானமேரியும் பெடாஸிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். ஜெசிந்தா அவருக்கும் போன் போட்டிருக்கிறாள். பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில், கிளினிக்கில் நம்பர் கூப்பிடக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

“வியாழக்கிழமை போகலாமாக்கா? இல்ல, வேணாமா?” அவ்வளவுதான் கேட்டார்.

புனிதா, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த படத்தைச் சர்வரிலிருந்து இறக்கினாள். படமாகத் திறக்காமல், எழுத்தாகத் திறந்தாள். திரை முழுக்கக் கிறுக்கல். சதுரம், கேள்விக்குறி, கொம்பு, வால்... படம் என்பது உள்ளே அப்படித்தான் இருக்குமாம்.

அந்தக் கிறுக்கலுக்கெல்லாம் முன்னால், முதல் இடத்தில், அச்சுக் கோத்தது மாதிரி தெளிவாக ஒரே ஓர் எழுத்து.

உ.

புனிதா திரையை என் பக்கம் திருப்பினாள். “நீங்களே பாருங்க ஆன்ட்டி” என்றாள்.

அன்பான வாசகர்களே, உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நானே மறந்துபோயிருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நானாக இருந்தால் நம்ப மாட்டேன்.

ஆப்பை இரண்டு வாரத்துக்கு முன்பு புனிதா கொண்டுவந்து காட்டினாள். அப்போது படங்கள் ஒழுங்காகத்தான் போயின. கூடவே வக்கீலுக்கு ஒரு கடிதமும் அடித்து அனுப்பலாம். பார்த்தேன். கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி இல்லை. வீட்டு சாமான் லிஸ்ட்டுக்குக்கூடச் சுழி போடாமல் பேனாவை நகர்த்தாதவள் நான். “நாற்பது பேரோட வாழ்க்கைம்மா. போற எல்லாத்துக்கும் மேல ஒரு சுழி போட்டுடு” என்றேன். சிரித்தாள். அங்கேயே உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தாள். ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தோம். உச்சியில் ‘உ’ வந்து நின்றது. எனக்கு ஏகப்பட்ட திருப்தி. படம் ஒன்றை அனுப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

“கடுதாசிக்கு மட்டும்னு நீங்க சொல்லல ஆன்ட்டி. போற எல்லாத்துக்கும்னீங்க. கடுதாசி, படம் எல்லாம் ஒரே எடத்துலேருந்துதான் வெளிய போவுது. நானும் யோசிக்கல. என் தப்பும் இருக்கு.”

ஒரு தமிழ் எழுத்துக்குக் கம்ப்யூட்டரில் மூன்று பைட் வேண்டுமாம். கடிதத்துக்கு முன்னால் ஓர் எழுத்து கூடினால் கடிதம் அதைச் சுமந்துகொண்டு போய்விடும். படம் அப்படி இல்லை. ‘நான் படம்’ என்று சொல்கிற அடையாளம் அதன் முதல் பைட்டிலேயே இருக்கிறது. திறக்கிற கம்ப்யூட்டர் முதலில் அதைத்தான் பார்க்கும். அங்கே வேறு ஏதாவது நின்றால், மீதியைப் பார்க்காது. இது படமே இல்லை என்று கதவைச் சாத்திவிடும். உள்ளே முழுப் படமும் பத்திரமாகத்தான் இருக்கிறது.

கேட்கக் கேட்க எனக்கு முகம் சுருங்கியது. நானும் கவுண்டரில் அதைத்தானே செய்தேன்? பாரத்தின் முதல் வரி சரியில்லை என்றால் அடுத்த வரியைப் படித்ததில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன். அப்படித் திரும்பிப் போனவர்களை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. இதை எழுதுகிறபோது வெட்கமாக இருக்கிறது.

சந்தேகத்துக்கு ஒரு வசதி உண்டு. அது எப்போதும் வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும். ஜெசிந்தாவைப் பார்த்தது, சர்வரைப் பார்த்தது, புனிதாவைப் பார்த்தது. வீட்டுக்குள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவளை மட்டும் பார்க்கவில்லை.

நடந்ததை ஞானமேரிக்கு விளக்கினேன். மாதா கோயில் பதிவேட்டுக்கு முன்னால் பிள்ளையார் போய் உட்கார்ந்துவிட்டார் என்று. கோபித்துக்கொள்வாரோ என்று பயம்தான்.

“அவரு நல்லதுக்குத்தான் வந்திருப்பாரு” என்றார். “நாளைக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கக்கா.”

புனிதா அப்போதுதான் சிரித்தாள். அந்த ஒரு வரியை எடுத்தாள். மறுபடி அனுப்பினாள். பச்சை டிக் வந்தது. இந்த முறை யாரும் டிக்கை நம்பவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

“வந்துருச்சு மேடம்!” ஜெசிந்தா கத்தினாள். “தோட்டத்துப் பேருகூட கிளியரா தெரியுது.”

ஞானமேரி எழுந்து என் கம்ப்யூட்டரருகே வந்தார். பதிவேட்டை அவர் பார்த்ததே இல்லை. படம் எடுக்கப் போனது நானும் புனிதாவும்தான். “இதுல என் பேரு எதுன்னு காட்டுங்கக்கா” என்றார். விரலை வைத்துக் காட்டினேன். ஆங்கில எழுத்து. அவருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதே வரியில் கொஞ்சம் தள்ளிக் காட்டி, “இது எங்க அம்மா பேரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

புனிதா கிளம்பும்போது கேட் வரைக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். “ஓகே லா ஆன்ட்டி” என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். ஓகே என்றால் உண்மையிலேயே ஓகேதானா? இன்னும் கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரியும். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால், திரும்ப எடுப்பதற்குத்தான் எந்த ஆப்பும் இல்லையே.

புதன்கிழமை பதினொரு மணிக்கே மனு போய்விட்டது.

வியாழக்கிழமை ஞானமேரியைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே என்னை விடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் வந்தார். பதில் கடிதத்தில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு நாளாகும் என்று சொல்லவில்லை.

“ஆபீசர் நல்லவரா தெரிஞ்சாரா? என்ன கேட்டாரு?”

“சின்னப் பையன்தான்க்கா, நம்ம புனிதா வயசு இருக்கும். மலாய்ல நல்லாப் பேசுனாரு, நானும் பேசுனேன். எத்தன வருஷமா இந்த நாட்டுல இருக்கீங்கன்னாரு. நீங்க பொறக்குறதுக்கு முன்னாடிலேருந்துன்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் அந்தப் படத்தத் தொறந்தாரு. நல்லாத் தொறந்துச்சுக்கா! பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பாத்தாரு. இந்தத் தோட்டத்துலதான் பொறந்தீங்கன்னு இதுல போட்டிருக்குன்னு சொன்னாரு.”

கார் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“பொறந்தவ எதுத்தாப்புலதான் ஒக்காந்திருக்கேன்... என்னைப் பாக்கவே இல்ல லா.”