எண்ணெய் மில் வீட்டுச் சாப்பாடு

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தேன். கணவர் வீட்டாருக்கு எண்ணெய் மில். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் விளையும் வேர்க்கடலையை வாங்கி ஆட்டுவது தொழில். சமையலிலும் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. குழம்பின்மேல் விரல்கனத்துக்கு மிதக்கும். இட்லிப்பொடி அதில் முழுகிக் கிடக்கும்.

வந்த கொஞ்ச நாளிலேயே, சாப்பிட்டதும் என் வயிறு கல்லாகத் தொடங்கியது. புடவையைத் தளர்த்திக் கட்டினாலும் உப்புசம் அடங்காது. சில நாள் குமட்டும். மாமியார் அதைப் பார்த்து வேறு அர்த்தம் செய்துகொண்டு அக்கம்பக்கத்தில் சொல்லியும்விட்டார். அப்படி இல்லை என்று தெரிந்ததும் அதிகம் பேசவில்லை. கோபமில்லை, ஏமாற்றம்தான். எனக்கும் இருந்தது.

கணவர் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு வீட்டுச் சமையலைப் பற்றி விசாரித்தார்.

"புண்ணெல்லாம் ஒண்ணுமில்லம்மா. எண்ணெய் ஜாஸ்தியானா சாப்பாடு இரைப்பைய விட்டு இறங்க லேட்டாகும். உனக்குக் குடல்ல உணர்ச்சியும் ஜாஸ்தி. மத்தவங்களுக்குத் தெரியாத கொஞ்சம் காத்துகூட உனக்கு வலியாத் தெரியும். எண்ணெயை அடியோட விட வேணாம், கம்மி பண்ணிக்க."

வீட்டில் இதைச் சொன்னதும் மாமியாரின் முகம் மாறியது.

"நம்ம எண்ணெயில கலப்படமாமா?"

"எண்ணெய் மேல குறையில்லம்மா. அளவுதான் இவளுக்கு ஒத்துக்கல" என்றார் கணவர்.

மறுநாளிலிருந்து எனக்கென்று சின்னப் பாத்திரத்தில் பருப்பு ரசமும் கீரையும் வைத்துக்கொண்டேன். தாளிக்கச் சில சொட்டுதான். வயிறு லேசானது. ஆனால் ஒரே வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடக் கூச்சமாக இருந்தது. வந்த உறவினர் ஒருவர், "எண்ணெய்க்காரர் வீட்டுல பத்தியச் சோறா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று மாமனார் சாப்பிட உட்கார்ந்தார். மாமியார் குழம்புக் கரண்டியோடு குனிந்தபோது கையால் தடுத்தார்.

"எனக்கு அந்த ரசத்த ஊத்தும்மா" என்றார் என்னிடம்.

"உங்களுக்கு என்ன வந்துது?" என்றார் மாமியார்.

"ரொம்ப வருஷமா இதேதான். சாப்ட்டா நெஞ்சு வரைக்கும் அடைச்சுக்குது. எண்ணெய் விக்கிறவன், எனக்கு எண்ணெய் ஒத்துக்கலன்னு வெளிய சொல்ல முடியுமா?"

யாரும் சிரிக்கவில்லை. மாமியார் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார்.

மாமனார் ரசத்தைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார்.

அடுத்த நாள் என் சின்னப் பாத்திரம் அடுப்பில் இல்லை. மாமியாரே பெரிய பாத்திரத்தில் ரசம் வைத்திருந்தார். எண்ணெயில் வதக்கிய குழம்பு, விரும்புகிறவர்களுக்காகப் பக்கத்தில் தனியாக இருந்தது. என் வயிறு முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பண்டிகை நாட்களில் கொஞ்சம் மீறினால் மறுபடி உப்பும். மற்ற நாட்களில் அதை மறந்திருந்தேன். மாமனாரும் கல்யாண விருந்துக்குப் போனால் மறுக்காமல் எல்லாம் சாப்பிட்டுவிட்டு வருவார். மாமியார் ஒன்றும் கேட்காமல் சீரகத்தண்ணீர் கொதிக்க வைப்பார்.