செவலை ஒளித்து வைத்த கன்று

புத்தூர் பஸ் நிலையத்தில் இறங்கி, மலையடியில் நாற்பத்தாறு மாடு வைத்திருக்கும் வேங்கடாசலம் எங்கே என்று யாரைக் கேட்டாலும் வழி சொல்லுவார்கள். என் வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள், பட்டிக்குத்தான் சொல்லுவார்கள். வீடு பூட்டிக் கிடப்பது ஊருக்கே தெரியும். பட்டி என்பது மலை முடியும் இடத்தில் கருவேல முள்ளை ஒன்றரை ஆள் உயரத்துக்கு அடுக்கி நான் தனியாளாகக் கட்டிய மாட்டு அடைப்பு. அதற்கு அந்தப் பக்கம் காடு. இந்தப் பக்கம் மூன்று கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது.

நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. தமிழ் எழுதுவேன், தெலுங்கு போர்டு எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். குடிபாலா பக்கத்தில் என் நைனா அடுத்தவன் மாட்டை மேய்த்தே செத்தார். பதினேழு வயதில் நான் ரேணிகுண்டா போய் கூட்ஸ் வண்டியில் சிமெண்ட் மூட்டை இறக்கினேன். நான்கு வருடம் இறக்கிய பிறகு செவலை நிறத்தில் ஒரு கிடேரியை, அதாவது பெண் கன்றை, வாங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நடந்தே இந்த மலையடிக்கு வந்து சேர்ந்தேன். அன்றைக்கு என்னிடம் இருந்தது அந்தக் கன்றும் ஒரு போர்வையும் ஒரு சொம்பும். இன்றைக்கு நாற்பத்தாறு உருப்படி. எவனும் கொடுக்கவில்லை, நான் எவனிடமும் கேட்கவும் இல்லை.

இந்த மலையில் மாடு வளர்ப்பது எல்லாராலும் ஆகிற வேலை இல்லை. சிறுத்தை உண்டு, செந்நாய் உண்டு. சீத்தாப்பழம் பழுக்கிற மாதங்களில் கரடி இறங்கும். கண்ணாடி விரியன் சருகுக்குள் சருகாகக் கிடக்கும். சிறுத்தையை ஏழு தடவை நேருக்கு நேர் பார்த்திருக்கிறேன். ஏழு தடவையும் அதுதான் திரும்பிப் போனது. விரியன் மட்டும் இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது காலில் கடித்துவிட்டது. நான் கத்தவில்லை. கத்தினாலும் கேட்க ஆள் இல்லை. தார் ரோடு வரை நடந்து போய் ஒரு ஆட்டோவை நிறுத்தித் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதினோரு நாள் கிடந்தேன். மற்றக் கட்டில்களுக்கெல்லாம் மத்தியானம் கேரியரில் சோறு வரும். "உங்களுக்கு யாரும் இல்லையா தாத்தா?" என்று நர்ஸ் கேட்டபோது, நாற்பது பேர் இருக்கிறார்கள், ஆனால் அவர்களை வார்டுக்குள் விடமாட்டீர்கள் என்றேன். திரும்பி வந்து எண்ணிப் பார்த்தேன். ஒன்று குறையவில்லை. பதினோரு நாளும் தாமே மேய்ந்து, பொழுது சாயத் தாமே வந்து அடைந்திருந்தன. நான் பழக்கிய மாடு அப்படி. என் வாசனை எட்டுகிற தூரத்தில்தான் அவை படுக்கும்.

ஆஸ்பத்திரியில் கிடந்ததை என் மனைவி கன்னிகாவுக்குச் சொல்லவில்லை. அவள் மூன்று வருடத்துக்கு முன்னால் மகன் பாஸ்கரோடு இருக்கப் போனாள். அவனுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை, சத்தியவேட்டில் வீடு. பேத்தி ஹர்ஷினி பிறந்தபோது, "மூணு மாசம் இருந்துட்டு வரேன்" என்று போனவள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் செய்வாள். ஒரு நாளும் தவறியதில்லை.

இனிச் செவலையைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் நடத்திக்கொண்டு வந்த அந்த முதல் கிடேரியின் வழியில் மிஞ்சியிருக்கும் கடைசிப் பசு இது. மற்றவை எல்லாம் பிறகு சந்தையில் பிடித்தவை. செவலை போன வருடம் வரை ஏழு ஈற்று ஈன்றிருந்தது. முதல் ஆறும் காளைக் கன்று. போன வருடம்தான் ஒரு கிடேரி போட்டது. அதைச் சிறுத்தைக்குக் கொடுத்தேன்.

கொடுத்தேன் என்று எழுதியது சரிதான். எங்கள் பக்கத்தில் பொழுது சாய்ந்தால் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தனியே ஒரு சின்ன அடைப்பில் விடுவோம். அப்போதுதான் காலையில் கறக்கப் பால் மிஞ்சும். நான் அந்த அடைப்பைப் பட்டிக்குள் மலை ஓரத்து மூலையில் கட்டியிருந்தேன். அங்கே காற்று வரும், கொசு குறைவு. அந்த மூலைக்குத்தான் சிறுத்தை வந்தது. விடிந்து பார்த்தால் முள்ளில் ரத்தம் மட்டும் இருந்தது. செவலை நடுத்தடுப்பில் முட்டி முட்டி ஒரு கொம்பின் நுனியைச் சிதைத்துக்கொண்டிருந்தது. நான் இருபது அடியில் படுத்திருந்தேன். எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தும் கேட்காததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, கன்னிகாவிடமும்கூட.

இந்த ஆவணியில் செவலை மறுபடியும் நிறைசினையாக இருந்தது. வயசாகிவிட்டது, இதற்கு மேல் ஈனாது. கிடேரி பிறந்து பிழைத்தால் அந்த வழி நிற்கும், இல்லாவிட்டால் என் கண்ணெதிரே முடியும்.

ஒரு நாள் சாயங்காலம் நாற்பத்தைந்துதான் பட்டிக்கு வந்தன. செவலை இல்லை. காட்டிலேயே கன்று போடப் போயிருக்கிறது என்று ஏழு மணிப் போனில் கன்னிகாவிடம் சொன்னேன். மறுநாள் விடிந்து வெயில் ஏறியபோது தண்ணீர் குடிக்க ஓடைக்குத் தனியே வந்தது. வயிறு வற்றியிருந்தது. வாலில் ரத்தம் காய்ந்திருந்தது. மடிக்காம்பு ஈரமாக இருந்தது. ஈன்றிருக்கிறது, கன்று உயிரோடு இருக்கிறது, பாலும் குடித்திருக்கிறது. எங்கேயோ ஒளித்துவிட்டு வந்திருக்கிறது. ஓடை மணலிலேயே சிறுத்தையின் புதுக் காலடியும் இருந்தது. இன்னொரு ராத்திரி அந்தக் கன்று காட்டில் தாங்காது.

காட்டில் கன்று போட்ட பசுவின் பின்னாலேயே போனால் கன்று கிடைக்கும். இது மேய்க்கிறவன் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நானும் போனேன். செவலை மேய்ந்தது. நான் நின்றேன். அது ஒரு மேட்டைச் சுற்றியது. நானும் சுற்றினேன். புதரில் மறைந்து பார்த்தேன், பாறைக்குப் பின்னால் படுத்துப் பார்த்தேன். அது தலையைத் தூக்கி மூக்கை விடைத்து, நான் இருக்கிற திசையையே பார்த்துவிட்டு மறுபடியும் மேய்ந்தது. காலையிலிருந்து மத்தியானம் வரை மூன்று தடவை என்னை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து விட்டது.

அப்போதுதான் ரத்தினம்மா வந்தாள். நகரி பக்கத்துப் பெண்பிள்ளை, ஐம்பது வயது இருக்கும். சீத்தாப்பழக் காலத்தில் தினமும் பஸ் ஏறி வந்து, கூடை நிறையப் பறித்துக்கொண்டு போய் ரோட்டு ஓரத்தில் விற்பாள். மூன்று வருடமாகப் பார்க்கிறேன், பேசியதில்லை.

"ஏம்மா, அந்தப் பக்கம் போவாத. ஓடையில சிறுத்த காலு கீது" என்றேன்.

"அது காலு அதுக்கு, என் காலு எனக்கு. நீங்க இன்னாணா, கொளுத்தற வெயில்ல மாட்ட மொறைச்சிக்கினு குந்தினு கீறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நாப்பத்தாறு மாட்டுக்கும் உங்க வாசன தெரியும்னு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சொல்லிக்கினு திரியறீங்களே, நெஜம்தான் போல. நீங்க இங்க கீற வரைக்கும் அது கன்னுகிட்ட போவாது."

"நான் வளத்த மாடும்மா அது."

"அதான் பயப்படுது. போன கன்னு சிறுத்தைக்குப் போனது ரோட்டு வரைக்கும் தெரியும். அத எடுத்துக்கினு போய் அடச்சது யாரு, நீங்கதான? அப்பறம் அது அந்தக் கன்ன பாத்துச்சா?"

செவலை இருந்த பக்கம் பார்த்தேன், அது அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செவலை பழம் பறிக்கிற பெண்பிள்ளைகளைக் கண்டுகொள்வதில்லை. அவர்கள் குனிந்தபடி முனகிக்கொண்டே காடெல்லாம் அலைகிறவர்கள். அது தெரிந்ததும் நான் கேட்கவேண்டியதாகிவிட்டது.

"நீ போய் பாக்கறியாம்மா?"

"இன்னா சொன்னீங்க? காத்துல கேக்கல." கேட்டிருந்தது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ போய்ப் பாத்து சொல்லும்மா. எனக்கு வேற ஆள் இல்ல."

அவள் சிரிப்பை விட்டுவிட்டாள். "பாக்கறேன்ணா. நீங்க அது கண்ணுல படக் கூடாது. பட்டிக்குப் போய்டுங்க" என்று சொல்லி, பழம் பறிப்பதுபோலவே குனிந்து செவலை போன பக்கம் நகர்ந்தாள்.

நட்டநடு மத்தியானத்தில் காலிப் பட்டியில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. குளம்புத் தடமும் சாணமும் ஈயும்தான் இருந்தன. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு உருப்படி இல்லை. கன்று அடைப்பின் தடுப்புக் கழியில் போன வருடம் செவலை முட்டிய இடம் தெரிந்தது. அந்தக் கழியை நான் மாற்றவில்லை. கெட்டிக் கழி, மாற்றுவானேன் என்று விட்டிருந்தேன். ஒரு வருடமாகத் தினமும் சாயங்காலம் அந்தப் பசுவை அதே கழிக்கு எதிரே கொண்டுவந்து கட்டியிருக்கிறேன்.

நான்கு மணிக்கு ரத்தினம்மா வந்தாள். புடவையில் முள் கிழித்திருந்தது.

"கீது. உசுரோட கீது."

"கெடேரியா, காளையா?"

"மொதல்ல தண்ணி குடுங்க." சொம்பை முழுக்கக் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "கெடேரிதான். தாயாட்டம் அதே நெறம்" என்றாள்.

இரண்டு பேரும் போனோம். அவள் முன்னால், நான் பின்னால். ஒரு இடத்தில் கையை நீட்டி என்னை நிறுத்தினாள். "அந்தச் சருகுல ஒருத்தரு சுருட்டிக்கினு படுத்துனு கீறாரு. வரப்பவே பாத்துட்டேன். சுத்தி வாங்க." விரியன். சுற்றிப் போனோம். இரண்டு பாறைக்கு நடுவே, சீத்தாப் புதர் மூடிய பொந்தில் கன்று மடங்கிக் கிடந்தது. காது மட்டும் அசைந்தது. நானாக இருந்தால் பத்து அடியில் நின்றும் பார்த்திருக்க மாட்டேன்.

செவலை எனக்கும் கன்றுக்கும் நடுவே வந்து நின்றது. "பா... பா..." என்று என் குரலில் கூப்பிட்டேன். அந்தக் குரலுக்கு மலை உச்சியிலிருந்து இறங்கி வருகிற மாடு அது. தலையைத் தாழ்த்திச் சிதைந்த கொம்பை என் நெஞ்சுக்கு நேரே வைத்து மூச்சை விட்டது. இன்னொரு அடி வைத்தேன். அதுவும் ஒரு அடி வைத்தது. சிறுத்தைக்குக்கூடப் பின்வாங்காதவன் நான். அன்றைக்குப் பின்வாங்கினேன்.

"நீங்க அங்கியே நில்லுங்கணா" என்றாள் ரத்தினம்மா. கூடையிலிருந்த பழத்தில் இரண்டைப் பிட்டுச் செவலைக்கு முன்னால் போட்டாள். உட்கார்ந்தபடியே நகர்ந்து போய்க் கன்றைத் தடவினாள். தடவிய கையைச் செவலை மோந்து பார்த்தது. பிறகு கன்றை எடுத்தாள். நான் எப்போதும் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடப்பேன். தாய்க்கு எட்டாது. அவள் முழங்கால் உயரத்திலேயே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, கன்றின் முகத்தைப் பின்பக்கம் காட்டி, நாலு அடிக்கு ஒரு தடவை நின்று நின்று நடந்தாள். செவலை கன்றை நக்கிக்கொண்டே பின்னால் வந்தது.

"யாரு கத்துக் குடுத்தாங்கம்மா?" என்று தூரத்திலிருந்தே கேட்டேன்.

"எங்க வூட்ல ஒரே ஒரு மாடுணா. ஒண்ணுதான் கீதுன்னா, அது சொல்றத கேட்டுத்தான் ஆவணும்."

பட்டி வரை நான் முப்பது அடி தள்ளியே நடந்தேன். அவர்கள் வருவதற்குள் சுற்றிப் போய் நுழைந்து, கன்று அடைப்பின் தடுப்பைப் பிடுங்கினேன். எல்லாக் கழியையும் பிடுங்கி வெளியே எறிந்தேன். ரத்தினம்மா கன்றைப் பட்டி நடுவில் இறக்கிவிட்டாள். அதற்குள் மற்ற மாடுகளும் வந்து அடைந்தன. நாற்பத்தாறு இல்லை, நாற்பத்தேழு.

"இருந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போம்மா" என்றேன். இந்த இடத்தில் நான் யாருக்கும் டீ போட்டு மூன்று வருடம் ஆகிறது.

"கடைசி பஸ்ஸு போய்டும்ணா." பாதிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். முதுகு தெரிகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கன்று தட்டுத்தடுமாறி எழுந்து மடியைத் தேடியது. செவலை என்னைப் பார்த்தது. உடனே நகர்ந்து கன்றை மறைத்துக்கொண்டது. கன்று மறுபடியும் தேடியது, செவலை மறுபடியும் நகர்ந்தது. நான் உள்ளே இருக்கிற வரை பால் கொடுக்காது என்று தெரிந்தது. கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வெளியே கொண்டுவந்தேன். மலை ஓரத்து மூலையில், முள்வேலிக்கும் காட்டுக்கும் நடுவே போட்டேன். தடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலிக்கு முதுகு காட்டி, காட்டைப் பார்த்து உட்கார்ந்தேன்.

ஏழு மணிக்குப் போன் வந்தது.

"கன்னு கெடச்சுதா?" என்றாள் கன்னிகா.

"கெடச்சுது. கெடேரி."

"உள்ள கட்டிட்டியா?"

"கட்டல. தாயோட வுட்டுட்டேன். நான்தான் வெளிய கீறேன்."

"வெளியவா? உன் பட்டியிலேர்ந்து உன்னையே தொரத்திட்டுதா?" அவள் சிரிப்பது கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது. "சிறுத்த வந்தா?"

"வந்தா மொதல்ல என்னத்தான் பாக்கும். இந்த மலையில வேற எவன் உக்காருவான் இங்க?"

"கம்பளிய போத்திக்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

காடு இருட்டிக்கொண்டு வந்தது. எனக்குப் பின்னால், முள்ளுக்கு அந்தப் பக்கம், கன்று சப்பிக் குடிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் செவலை நிறுத்திவிடும்.