நான் திருத்திய கைநாட்டுகள்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

மஸ்ஜித் தானா ஊருக்குப் போகும் சாலையோரம் எங்கள் தோட்டத்து லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். வாசலை ஒட்டி மணல் லோரிகள் பறக்கும். ஒருநாள் தம்பி மயிரிழையில் தப்பினான். வேகத்தடை கேட்டு மாவட்ட ஆபீஸில் மனு கொடுக்க மாமா கிளம்பினார். அவரும் லோரி ஓட்டுபவர்தான். வீடு வீடாகப் போய் முப்பத்தொரு பேரிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, தாளைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார்.

பாதிக்கு மேல் கைநாட்டு. அம்மாவுடையதும் இருந்தது. ஆபீஸில் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? புதுத் தாளில் எல்லாவற்றையும் அழகாக எழுதி, முப்பத்தொரு கையெழுத்தையும் நானே போட்டேன். பழைய தாள் அடுப்புக்குப் போனது.

மறுநாளே மாமா ஆபீஸிலிருந்து அந்தத் தாளோடு திரும்பி வந்தார். "எல்லாம் ஒரே கையெழுத்து. இந்த ஆளுங்க நெசமாவே இருக்காங்களான்னு கேக்குறாங்க லா."

அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா மீனைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இருக்கோமான்னுதானே கேட்டாங்க? போய்க் காட்டிட்டு வருவோம்ணே. எழுதுனவளும் வரட்டும்."

மனுவில் பேர் இருந்த எல்லோரும் நானும் பஸ் ஏறிப் போனோம். யாரும் சத்தம் போடவில்லை. ஆளுக்கொரு நம்பர் சீட்டு எடுத்து உட்கார்ந்தார்கள். நம்பர் வந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போய், அதே விஷயத்தை அவரவருக்குத் தெரிந்த மலாய் மொழியில் சொன்னார்கள். ஏழாவது ஆள் எழுந்தபோது, அதிகாரி அம்மையார் சிரித்துவிட்டார். நாற்காலியைத் தூக்கிவந்து எங்கள் நடுவில் போட்டு உட்கார்ந்து, பிள்ளைகள் எங்கே, எத்தனை மணிக்குச் சாலையைக் கடக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். லோரிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்றும் கேட்டார். எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏசுவோம். ஆனா பிரேக் போடுவோம்" என்றார் மாமா.

கடைசியில் அதிகாரி அம்மையார் புதுத் தாள் ஒன்றை எங்கள் முன் வைத்தார். "உனக்கு நான் போடவாம்மா?" என்று காதோரம் கேட்டேன்.

"எனக்கு நான் இருக்கேன்" என்று அம்மா விரலை மையில் வைத்து அழுத்தினார்.

அடுத்த விடுமுறைக்குள் வேகத்தடை வந்துவிட்டது. மாமா இன்றும் அதில் ஏறி இறங்கும்போது ஏசுகிறார்.

அன்று திரும்பும் பஸ்ஸில் அம்மா கம்பியைப் பிடித்து நின்றார். விரலில் மை எல்லோருக்கும் தெரிந்தது. துடைத்துக்கொள்ளட்டும் என்று என் கைக்குட்டையை நீட்டினேன். அம்மா அதை வாங்கி முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டு, திருப்பித் தந்தார்.

அம்மாவுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.