எக்ஸ்ரே விளக்கின் மேல் ஒரு கவர்

ஜூலை ஒன்பது, காலை ஐந்து நாற்பது. பச்சிளங்குழந்தை வார்டில் பதினான்கு குழந்தைகள், ஆறு வென்டிலேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஓடாத ஏழாவதன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தபோது டாக்டர் வேதவல்லியின் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது: "வேதா போயிட்டா." புதிய சென்சாரை மாட்டி, அளவு சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். பாதியில் விட்டுவிட்டு ஓடியிருந்தால் மேடம் செத்த பிறகும் திட்டியிருப்பார்.

இரங்கல் கூட்டத்தில் "தாயுள்ளம்" என்று மூன்று பேர் பேசினீர்கள். உங்களில் யாரை அவர் அழவைக்காமல் விட்டார் என்று சொல்லுங்கள். அவரோடு வேலை செய்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் நுரையீரல் எப்படி வளர்கிறது, வளர்ந்து முடியாத நுரையீரலை வெளிக்காற்று எப்படிக் கெடுக்கிறது. அவர் வாழ்க்கை முழுக்க இந்த இரண்டு கேள்விதான். செங்கல்பட்டில் ஒரு கறிக்கடைக்காரரிடம், சினை ஆடு தெரியாமல் அறுபட்டால் உடனே போன் செய்யச் சொல்லிவைத்திருந்தார். ஐஸ் பெட்டியோடு அவரே போவார். வயிற்றிலிருந்த குட்டியின் நுரையீரல் ஈரல் துண்டு போல இருக்கும். தண்ணீரில் போட்டால் மூழ்கும். அதற்குள் ஒரு நீண்ட மூச்சைச் செலுத்திச் சில நொடிகள் அப்படியே பிடித்து வைப்பார். ஓரத்திலிருந்து வெளுத்து, ரோஜா நிறமாகி, முழுதும் விரியும். இப்போது மிதக்கும். "பாத்தியா?" என்பார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

குழந்தைகளுக்கும் இதையே செய்யலாம் என்றார். நீள்மூச்சு என்று பெயர் வைத்தார். நர்ஸ்களுக்கான பயிற்சிகளில் மைக் பிடித்துப் புகழ்ந்தார். ஆனாலும் சோதிக்காமல் ஏற்க மாட்டார். பாதிக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் நீள்மூச்சு, மீதிப் பேருக்கு வழக்கமான சின்னச் சின்ன மூச்சு. எந்தக் குழந்தைக்கு எது என்பதை ஒட்டிய கவருக்குள் இருக்கும் சீட்டு சொல்லும். மனிதர் யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது.

கடப்பாக்கத்திலிருந்து ஒரு மீனவர் தன் மனைவியைப் பிரசவத்துக்குக் கொண்டு வந்திருந்தார். சம்மதம் வாங்க மேடமே அவரிடம் விளக்கினார்.

"சாமி முன்னாடி பூக்கட்டிப் பாக்கறா மாதிரியா மேடம்? வெள்ளப் பூ, செவப்புப் பூ?"

"அதேதான். ஆனா இங்க சாமி கிடையாது."

"சாமி இல்லாம யாரு மேடம் பூக்கட்டுவாங்க?"

"நான் கட்டறேன். எது நல்லதுன்னு எனக்கும் தெரியாது. தெரிஞ்சா கவர் எதுக்கு?"

அவர் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நின்ற எஸ்தர் சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எஸ்தர் நெம்மேலிக்காரர், வார்டிலேயே மூத்த நர்ஸ், மேடத்திடம் 'நீ' என்று பேசக்கூடிய ஒரே ஆள். மீனவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கை அளவுதான். நீள்மூச்சு கொடுத்ததும் ரோஜா நிறமானது. மூன்றாம் நாள் நுரையீரலுக்குள் ரத்தம் கசிந்து இறந்தது.

என்னை வேலைக்கு எடுத்தது கருவிகளைப் பார்த்துக்கொள்ள. கல்பாக்கம் அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் வளர்ந்தவன் நான். ஓர் எண் உறுத்தினால் எனக்குச் சோறு இறங்காது. சோதனையின் எண்கள் உறுத்தின. மிகச் சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் நீள்மூச்சுப் பக்கமே விழுந்திருந்தன.

"குலுக்கினா இப்படி விழாது மேடம். யாரோ பாத்துப் போட்டிருக்காங்க."

மேடம் அலமாரியைத் திறந்தார். ஒட்டிய கவர் ஒன்றை எடுத்து, எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியின் மேல் வைத்து விளக்கைப் போட்டார். உள்ளேயிருந்த எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

பிரசவ அறையில் கவர்களை எடுத்துப் பிரித்தது எஸ்தர். கேட்டபோது மறுக்கவில்லை. "ஆமா, பாத்தேன். குட்டிக் கொயந்தைக்குச் சின்ன மூச்சு வந்தா அந்தக் கவர வெச்சிட்டு அடுத்தத எடுத்தேன். இன்னா இப்போ? நல்லது ஒண்ணு கைல கீது, அத்த வெச்சிகினு கண்ணெதிர்க்க சாவ உடச் சொல்றியா?"

"எத்தனை குழந்தை?" என்றார் மேடம்.

"எண்ணிகினா செய்வாங்க?"

குத்துமதிப்பாக அந்தக் குழந்தைகளைக் கழித்துவிட்டு மீதிக்குக் கணக்குப் போடலாம் என்று நான் சொன்னேன். "பொய் சொல்றதுக்குக்கூட உனக்குச் சோம்பேறித்தனம்" என்றார் மேடம். ஐந்து வருட வேலையைக் கெட்டுப்போனது என்று அவரே எழுதிக்கொடுத்து மூடினார். எஸ்தர் மேல் புகார் எழுதியதும் அவர்தான். எஸ்தருக்கு வேலை போயிற்று. எஸ்தரின் கணவர் வந்து கெஞ்சியபோது உட்காரக்கூடச் சொல்லவில்லை.

பிறகு, மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில், முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை கவருக்குள் கறுப்புத் தாள் வைத்து ஒட்டினோம். முடிவு இந்த வருடம் வந்தது. நீள்மூச்சு வாங்கிய குழந்தைகளில்தான் சாவு அதிகம். எத்தனையாவது நாளில் இறந்தன என்ற பட்டியலைத் திறந்தார்.

"ஆட்டுக்குட்டிய நான் மூணாம் நாள் பாக்கவே இல்ல" என்றார். "அது முன்னாடியே செத்திருந்துது."

அப்போது அவருக்குக் கணையப் புற்று உடம்பெங்கும் பரவிவிட்டிருந்தது. எஸ்தர் கடற்கரைச் சாலையில் ஒரு சின்ன மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருப்பதும், அங்கே பிறக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கெல்லாம் நீள்மூச்சு கொடுப்பதும் காதில் விழுந்தது. மேடம் என் காரில் ஏறி உட்கார்ந்தார். மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பேருந்துகள் வழியை மறித்து நின்றன. குறுக்கே கை நீட்டி ஹாரனை அவரே அடித்தார்.

நெம்மேலியில் எஸ்தர் தன் வீட்டு வாசலிலேயே நின்றார். "இன்னா மேடம், இப்டி எளச்சிட்ட?"

"சாகப்போறேன். அதுக்கு வரல. நீள்மூச்ச நிறுத்து. கொல்லுது."

"நான் தினம் பாத்துகினுதானே கீறேன்? பொறந்ததும் ரோஸாவுது."

"ரோஸாகும். மூணாம் நாள் பாத்தியா?"

"அப்போ நான் கவர் மாத்துன கொயந்தைங்க?"

"அதுல சிலது நாம செஞ்சதால செத்திருக்கும்."

"எது? கடப்பாக்கத்துக்காரர் பொண்ணா? அதுக்கும் நான்தான் மாத்துனேன்."

"தெரியாது. அவ்வளவு சின்னக் குழந்தை, சின்ன மூச்சு கொடுத்திருந்தாலும் போயிருக்கலாம். கூட்டமாப் பாத்தா தெரியுது. ஒரு குழந்தையக் காட்டி இதுதான்னு சொல்ல யாராலயும் முடியாது."

"இவ்ளோ படிச்சிட்டு ஒரு கொயந்தைக்குப் பதில் சொல்லத் தெரியலியா? நீ மைக்கப் புடிச்சி சொன்னதத்தான் மேடம் நான் நம்புனேன்."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. எஸ்தர் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. திரும்பும்போது, "நிறுத்துன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே மேடம்" என்றேன். "காரணம் இல்லாம நான் சொன்னத ஒரு தடவ நம்புனா. போதாதா?" என்றார்.

செங்கல்பட்டில் உடலை வைத்திருந்த அன்று எஸ்தர் பேருந்து பிடித்து வந்தார். மாலை கொண்டுவரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அத்த நிறுத்திட்டேன் தம்பி. கடசில அந்தப் பொண்ணப் பத்தி எதுனா சொல்லிச்சா?"

"இல்ல சிஸ்டர். தெரியாதுதான்."

"தெரியாதுன்னு சொல்லிட்டு ஜம்முனு பட்த்துகினு கீது பாரு" என்றார். இதில் அவர் பெயரை எழுதலாமா என்று கேட்டேன். "எய்து. இன்னும் இன்னா போவணும் எனக்கு?"

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த 'தெரியாது' ஒன்றைத்தான். அதை முகத்துக்கு நேரே சொல்ல நெம்மேலி வரை போனாரே, அதையும். இனி செய்யப்போவது:

1. ஆய்வுக் கட்டுரையை இந்த வாரமே அனுப்புவது. முதல் சோதனை எப்படிக் கெட்டது என்ற பகுதியை நீக்கச் சொல்லி யாரும் என் அறைக்கு வர வேண்டாம்.

2. நம் பிரசவ அறைச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கும் நீள்மூச்சுப் படத்தைக் கிழிப்பது. அதில் அவர் கையெழுத்து இருக்கிறது, நினைவாக வைக்கலாம் என்கிறீர்கள். வைக்க மாட்டேன்.

3. அவரிடம் பயிற்சி எடுத்த நர்ஸ்கள் இருக்கும் கடலோர மருத்துவமனைகளுக்கெல்லாம் நேரில் போவது. எஸ்தர் சிஸ்டரும் வருகிறார். அவர் பேசுவார், நான் வண்டி ஓட்டுவேன்.

4. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இது உங்கள் கைக்கு வருவதற்கும் முன்னால், கடப்பாக்கம் போவது. அந்தத் தகப்பனிடம் கவரில் வந்தது என்ன, குழந்தைக்குச் செய்தது என்ன என்று சொல்வது. கவரில் வந்ததையே செய்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்பார். தெரியாது என்று சொல்வது. சொல்லிவிட்டு உடனே வண்டியில் ஏறாமல் அங்கேயே நிற்பது.