எல்லோரும் என்றால்

கோயில் வாசலில் இருந்த பலகையை என் மகள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். “எல்லோரும் உள்ளே வரலாம்.” மழை ஈரத்தில் படி வழுக்கிவிடுமோ என்று அவளைப் பிடித்திருந்த என் கை தளர்ந்தது.

இதே பலகையை எட்டு வயதில் நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் எங்களுக்கு வாசற்படியோடு சரி. திருநீறும் கைபடாமல் மேலிருந்துதான் விழும். வட்டகொடைப் பக்கம் சாதி பார்க்காத கோயில் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை நடத்தியே கூட்டி வந்திருந்தார்.

“நல்லாப் பாரு தாயி. எல்லோரும்னா நம்மளுந்தானா?”

மறுபடி வாசித்தேன். எங்கள் சாதியின் பெயர் அதில் இல்லை. நான் தப்பாகச் சொல்லி, அப்பாவை யாராவது திட்டிவிட்டால்?

“தெரியலப்பா.”

“அப்ப நீ போயிட்டு வா. சின்னப் புள்ளைய ஒண்ணும் சொல்லமாட்டாங்க.” தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெளியே மழையில் நின்றார்.

உள்ளே பூசாரி தன் விரலாலேயே என் நெற்றியில் திருநீறு பூசினார். அப்பாவுக்கும் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். அவர் பழக்கத்தில் குனிந்து, இரு கைகளையும் குவித்து நீட்டினார். நானும் பார்த்த பழக்கத்தில், விரல் படாமல் மேலிருந்து போட்டேன். கடைசிவரை அவர் அந்தக் கோயிலுக்குள் போகவில்லை.

மகள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். இரண்டு பிள்ளைகளைப் பெற்று, பள்ளிக்கூடத்தில் பாடமும் சொல்லிக்கொடுக்கும் நான்தான், யாரிடமாவது கேட்டுக்கொண்டு போகலாமா என்று படியிலேயே நின்றேன்.